ஆன்போர்டு சார்ஜரைச் சிறிதாக்குவது எப்படி: பத்து போன் சார்ஜரில் தொடங்கிய பேச்சு

கேள்வி — 2025 மார்ச் 8, மாலை 6.20

கல்லூரித் திட்டத்துக்காக ஒரு மின் மோட்டார் சைக்கிள் கட்டிக்கொண்டிருக்கிறோம். பேட்டரி 51.2 வோல்ட், 60 ஆம்பியர்-மணி, இரும்பு பாஸ்பேட் வகை. கடையில் வாங்கிய 1 கிலோவாட் சார்ஜரை, வண்டியோடேயே போகும் ஆன்போர்டு சார்ஜராக, டேங்குக்கு அடியில் வைக்கப் பார்த்தோம். 230 மில்லிமீட்டர் நீளம், 130 அகலம், 70 உயரம், எடை ஏறக்குறைய 3 கிலோ என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்காரவில்லை. போனுக்கு வரும் காலியம் நைட்ரைடு (சிலிக்கானைவிட வேகமாகத் திறந்து மூடும் குறைக்கடத்தி) சார்ஜர்கள் உள்ளங்கைக்குள் அடங்கும்போது, வண்டிச் சார்ஜர் மட்டும் ஏன் இன்னும் செங்கல்லாகவே இருக்கிறது? அதே தொழில்நுட்பத்தில் செய்தால் பாதியாகக் குறையாதா?

மார்ச் 8, இரவு 10.45

முதலில் ஒரு பெருக்கல் கணக்கு. என் மேசையில் இருக்கும் 100 வாட் போன் சார்ஜர் 64 மில்லிமீட்டர் நீளம், 64 அகலம், 31 தடிமன். எடை 196 கிராம். உங்களுக்கு 1,000 வாட் வேண்டும் என்பதால் பத்து எண்ணத்தைச் சேர்த்துக் கட்டினால் 1.27 லிட்டரும் 1.96 கிலோவும் வரும். உங்கள் செங்கல் 2.1 லிட்டர். வியந்து பார்க்கும் அந்தப் போன் சார்ஜரின் ஆற்றல் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டருக்கு எத்தனை வாட் என்பது, உங்கள் செங்கல்லைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதுவும் தண்ணீர் புகாத பெட்டி இல்லாமல், குலுங்காத மேசையில், விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு. முழு வேகத்தில் மடிக்கணினிக்கு ஏற்றும்போது அதைத் தொட்டுப் பாருங்கள். கையை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட பத்து எண்ணத்தை ஒரே பெட்டியில் மூடி, டேங்குக்கு அடியில், சித்திரை வெயிலில் நிறுத்தி வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் காலியம் நைட்ரைடு உதவும். என் மதிப்பில் பாதி என்பது எட்டக்கூடிய இலக்குதான்.

மார்ச் 9, காலை 7.10

நேற்று எழுத மறந்த ஒன்று. இந்தப் பெட்டிக்குள் எந்தக் காலியம் நைட்ரைடும் தொட முடியாத ஒரு பொருள் இருக்கிறது. வீட்டு மின்சாரம் ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் ஃபேஸ்). ஒரு நொடிக்கு நூறு முறை அதன் ஆற்றல் பூச்சியத்துக்குப் போய்த் திரும்புகிறது. பேட்டரிக்கோ சீரான மின்னோட்டம் கொடுக்க விரும்புகிறோம். இடையே அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும் மின்தேக்கி வேண்டும். 1 கிலோவாட்டுக்கு, சார்ஜருக்குள் இடையில் இருக்கும் 400 வோல்ட் நேர்மின்சாரத் தளத்தில், 20 வோல்ட் அலையை அனுமதித்தால் ஏறக்குறைய 400 மைக்ரோஃபாரட் தேவைப்படும். இந்தக் கணக்கில் ஸ்விட்ச்சிங் அதிர்வெண் (உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் வேகம்) எங்குமே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் 65 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினாலும் 500 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினாலும் அந்த 400 மைக்ரோஃபாரட் 400 மைக்ரோஃபாரட்தான்.

2014-இல் கூகுளும் மின் பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்பும் சேர்ந்து அறிவித்த லிட்டில் பாக்ஸ் போட்டியில் இதுதான் மையச் சிக்கலாக இருந்தது. அது சார்ஜர் அன்று, 2 கிலோ வோல்ட்-ஆம்பியர் இன்வெர்ட்டர். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கில் ஏறி இறங்கும் இந்தத் தலைவலி இரண்டுக்கும் பொது. ஒரு கன அங்குலத்துக்கு 50 வாட் கேட்டார்கள். வென்ற பெல்ஜியத்தின் சி.இ.பிளஸ்.டி நிறுவன அணி 143 வாட் காட்டி, 2016-இல் 10 லட்சம் டாலர் பரிசை வாங்கியது. கணக்குப் போட்டால் 2 கிலோவாட் வெறும் 230 கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. பெரிய மின்தேக்கிக்குப் பதிலாக, சிறிய மின்தேக்கியை ஆழமாக ஏற்றி இறக்கும் தனிச் சுற்று ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள்.

ஆகவே உங்கள் முதல் எதிரி அந்தப் பெரிய மின்தேக்கி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் 16, பிற்பகல் 3.30

மேலே எழுதிய கடைசி வரியை அடித்துவிட வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நானே ஒரு முறை எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பரணில் செத்துப்போன 1 கிலோவாட் வண்டிச் சார்ஜர் ஒன்று கிடந்தது. உங்களுடையதைப் போலவே வடிவமும் அளவும். நேற்றும் இன்றும் அதைக் கூறுகூறாகப் பிரித்து, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். மொத்தம் 2,940 கிராம். அதில் துடுப்புகளோடு கூடிய அலுமினியப் பெட்டியும் மூடியும் மட்டும் 1,120 கிராம். உள்ளே ஊற்றி உறையவைத்திருந்த சாம்பல் நிறப் பாட்டிங் கலவை, நான் சுரண்டி எடுக்க முடிந்த வரையில், 860 கிராம். இரு பக்கக் கேபிள்களும் அவற்றின் கனெக்டர்களும் 390. உள்ளீட்டுச் சோக் (மின்னோட்டத்தைச் சீராக்கும் கம்பிச் சுருள்) 165, டிரான்ஸ்ஃபார்மரும் அதன் துணைச் சோக்கும் 210, இரைச்சல் வடிகட்டிக் கம்பிச் சுருள்கள் 72, பலகையும் மற்ற உதிரிகளும் 45. நான் முதல் எதிரி என்று பெயர் சூட்டிய மின்தேக்கிகள் மூன்றும் சேர்ந்து 78 கிராம்.

மின்சார வேலை செய்கிற பொருள்கள் எல்லாம் சேர்ந்து 570 கிராம்தான். மீதி 2,370 கிராம் அவற்றை மூடவும், குளிர்விக்கவும், வெளியுலகத்தோடு இணைக்கவும் வைத்தவை. காலியம் நைட்ரைடு போட்டு, அதிர்வெண்ணை ஏற்றி, சோக்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பாதியாக்கினால் எனக்கு மிச்சமாவது 190 கிராமுக்கும் குறைவு. மொத்த எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். கேபிளின் எடை அதைப்போல் இரு மடங்கு.

மார்ச் 8 அன்று பாதி என்று சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். குறைந்தது அந்தக் காரணத்துக்காகச் சொன்னதை.

மார்ச் 16, இரவு 9.00

தராசைக் கழுவி வைத்துவிட்டேன். சிலிக்கோன் துகள் ஒட்டிய தட்டில் இனி ரவை நிறுக்க முடியாது என்று வீட்டில் தீர்ப்பாகியிருக்கிறது. புதுத் தராசின் விலையை இந்த ஆராய்ச்சியின் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 23, காலை 11.15

எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது; அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

அதே வகையில் உயிரோடு இருக்கும் இன்னொரு சார்ஜரை அளந்தேன். சுவரிலிருந்து 1,085 வாட் எடுத்துக்கொண்டு, பேட்டரிக்கு 985 வாட் கொடுக்கிறது. 100 வாட் வெப்பமாகப் போகிறது. 91 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான செயல்திறன். விசிறி இல்லாத, மூடிய பெட்டி தன் வெப்பத்தைக் காற்றில் விட வேண்டும். கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 10 வாட் என்பது நான் நம்பிப் பயன்படுத்தும் எண். வெளியே 42 டிகிரி, பெட்டியின் மேல்தோல் 70 டிகிரி வரை போகலாம் என்று வைத்தால் இடைவெளி 28 டிகிரி. 100 வாட்டை வெளியேற்ற 0.36 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். துடுப்பே இல்லாத வெறும் பெட்டியின் ஆறு பக்கங்களும் சேர்ந்து 0.11 சதுர மீட்டர்தான். மீதியைத் துடுப்பு போட்டுச் சம்பாதிக்க வேண்டும்; துடுப்பு என்றால் அலுமினியம்; அலுமினியம் என்றால் அந்த 1,120 கிராம்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். துடுப்பு இல்லாத வெறும் பெட்டி 31 வாட் வரை தாங்கும். 985 வாட் வெளியீட்டுக்கு 31 வாட் இழப்பு என்றால் செயல்திறன் 97 சதவீதம் இருக்க வேண்டும். 91-க்கும் 97-க்கும் இடையே இருக்கும் ஆறு புள்ளிகளை மின்கட்டணத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு முழுச் சார்ஜுக்கு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பெட்டியில் பார்த்தால் அரைக் கிலோவுக்கு மேல்.

அந்த 100 வாட் எங்கே போகிறது என்று தேடுவதுதான் இனி வேலை. சில இடங்கள் எனக்கு உறுதியாகத் தெரியும். மாறுமின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப உள்ளீட்டில் இருக்கும் டயோடு பாலத்தில் எப்போதும் இரண்டு டயோடுகள் வரிசையாக நிற்பதால் அங்கே மட்டும் 7 அல்லது 8 வாட். பாலமே இல்லாத ‘டோட்டம்-போல்’ (totem-pole) என்ற அமைப்பு அதை ஏறக்குறைய ஒழித்துவிடும். அதற்குத்தான் காலியம் நைட்ரைடு உண்மையிலேயே தேவைப்படுகிறது, ஏனெனில் சாதாரண சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் (மின் சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) உள்டயோடு அந்த அமைப்பில் மின்னோட்டம் திசை திரும்பும்போது தாங்காது. வெளியீட்டில் 18 ஆம்பியர் ஒரு டயோடில் 0.8 வோல்ட்டை விழுங்குகிறது என்றால் 14 வாட்டுக்கு மேல். அதற்குப் பதிலாக 2 மில்லியோம் மாஸ்ஃபெட் வைத்து, சரியான நேரத்தில் திறந்து மூடினால் ஒரு வாட்டைச் சுற்றி வந்துவிடும். இந்த இரண்டிலும் 20 வாட்டுக்கு மேல் போய்விட்டது. யாரும் பாராட்டாத இடம் கேபிள்: ஒன்றரை மீட்டர் வெளியீட்டு கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போக வரச் சேர்த்து 22 மில்லியோம். 18 ஆம்பியரில் 7 வாட். சார்ஜரைப் பேட்டரிக்கு அருகிலேயே பூட்டினால் அந்தக் கேபிள் ஒரு சாண் ஆகிவிடும். சுவரிலிருந்து வரும் கம்பியில் ஐந்து ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடுவதால் அது மெல்லியதாக இருக்கலாம். சார்ஜரை வண்டிக்குள் வைப்பதற்கு நான் இதுவரை கேட்ட நியாயங்களில் நேர்மையானது இதுதான்.

மார்ச் 24, காலை 6.50

பாட்டிங்கைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர்: 860 கிராம் கலவையை ஏன் ஊற்றுகிறார்கள், அதைக் குறைக்கக் கூடாதா? குறைக்கலாம். வெப்பத்தைப் பெட்டியின் சுவருக்குக் கடத்துவதும், ஈரத்தைத் தடுப்பதும், குலுக்கலில் கனமான சோக் பலகையிலிருந்து பிய்ந்து போகாமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலைகள். ஆனால் வெப்பம் பிறப்பது ஏழெட்டு இடங்களில்தான். அந்த இடங்களை மட்டும் பெட்டியின் அடித்தளத்தோடு வெப்பம் கடத்தும் மெல்லிய பேட் வைத்து அழுத்திவிட்டு, சோக்குக்கு மட்டும் ஒரு கிண்ணம்போல் அச்சில் வார்த்து, அதில் கலவையை ஊற்றினால் 200 கிராமில் முடியும். எல்லாவற்றையும் மூழ்கடிப்பது உற்பத்திக்குச் சுலபம், பழுது பார்ப்பவனுக்குக் கொடுமை.

ஒரு எச்சரிக்கை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், கெட்டியாக உறையும் எபாக்ஸியை ஊற்றி ஒரு தொகுதி அனுப்பினோம். மூன்று மாதத்தில் திரும்பி வந்தவற்றைப் பிளந்து பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) உள்ளகத்தில் மயிரிழை விரிசல். சூடாகிக் குளிரும்போது எபாக்ஸி சுருங்கி நெருக்கியதில் உள்ளகம் வெடித்து, டிரான்ஸ்ஃபார்மரின் மதிப்பே மாறிப்போயிருந்தது. அழுத்தினால் நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்கும் சிலிக்கோனைத் தவிர வேறெதையும் அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.

ஏப்ரல் 5, இரவு 11.20

“அதிர்வெண்ணை ஏற்றினால் எடை குறையும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறதே, நீங்கள் மட்டும் ஏன் இழுக்கிறீர்கள்” என்ற கேள்விக்கு. பாடப்புத்தகம் சொல்வது சரி; அது சோக்கைப் பற்றிச் சொல்கிறது. நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சந்தையில் இருக்கும் மின்வழங்கிகளைத் திறந்தால் பெரும்பாலும் 65 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியே ஓடும். அதற்குக் காரணம் இயற்பியலைவிட விதிமுறை. கம்பி வழியாக வெளியேறும் இரைச்சலை அளக்கும் சோதனை 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. 65-இன் இரண்டாம் மடங்கான 130 அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. மூன்றாம் மடங்குதான் உள்ளே நுழையும், அது ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதிர்வெண்ணை 200-க்கு ஏற்றிய உடனே முதல் அலையே முழுப் பலத்தோடு சோதனைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சோக் சிறுக்கும், வடிகட்டி பெருக்கும். வடிகட்டியும் சேர்ந்து சிறிதாக வேண்டுமென்றால் 500 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். பாதி வழியில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

நான் பாதி வழியில் நின்றவன். காலியம் நைட்ரைடு வைத்து 180 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒரு மாதிரிச் சார்ஜர் செய்தேன். உள்ளீட்டுச் சோக் 165 கிராமிலிருந்து 80-க்கு வந்தது என்று ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன். ஆய்வகத்தில் மின்காந்த இரைச்சலை அளக்கும் இ.எம்.ஐ சோதனையில் முதல் நாளே தோல்வி. (வண்டிக்கு மாதாமாதம் கட்டும் இ.எம்.ஐ வேறு, ஆனால் இதிலும் வட்டி உண்டு.) வடிகட்டியில் இன்னொரு அடுக்கு சேர்த்து, பூமிக்கு இணைக்கும் ஒய் வகை மின்தேக்கிகளை 4.7 நானோஃபாரடிலிருந்து 10-க்கு மாற்றிய பிறகுதான் தேறியது. சோக்கில் மிச்சம் பிடித்த 85 கிராமில் 70 கிராமை வடிகட்டி திரும்ப வாங்கிக்கொண்டது.

ஏப்ரல் 6, காலை 8.00

அந்த 10 நானோஃபாரட் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. நேற்றுத் தூக்கம் வந்ததால் எழுதவில்லை.

சோதனையில் தேறிய அந்தச் சார்ஜரை வண்டியில் பூட்டி, உறவினர் வீட்டில் இரவு சார்ஜில் போட்டேன். காலையில் வாசல் தெளித்துவிட்டு, ஈரக் காலோடு வண்டியை நகர்த்த வந்த அத்தை ஹேண்டிலில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுள்ளென்று இருந்ததாம். பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது. அதற்குப் பின்னால் எர்த் கம்பி இல்லை. எர்த் இல்லாவிட்டால், ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிற்கும் அந்த இரண்டு ஒய் மின்தேக்கிகளும் வண்டியின் உடலைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க வைக்கும். தொட்டவர் வழியே ஓடக்கூடியது 4.7 நானோஃபாரடுக்கு 0.34 மில்லியாம்பியர், பெரும்பாலோர் உணரமாட்டார்கள். 10 நானோஃபாரடுக்கு 0.72, ஈரக் கால் கட்டாயம் உணரும். தரநிலையின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆளுக்கு ஆபத்தில்லை என்று அத்தையிடம் விளக்கிப் பார்த்தேன். “அப்படியானால் நீ தொடு” என்றார்.

சோக்கைச் சிறிதாக்கப் புறப்பட்டவன் கடைசியில் அத்தைக்கு ஷாக் கொடுத்தேன். மாணவர்கள் இந்தச் சங்கிலியைக் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரிச் சார்ஜர் இப்போது 65 கிலோஹெர்ட்ஸுக்குத் திரும்பியிருக்கிறது. காலியம் நைட்ரைடு மட்டும் அப்படியே இருக்கிறது. வேகத்துக்காக வைத்ததை இப்போது இழப்பைக் குறைக்க வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, மாலை 5.40

மோட்டாரின் சுருளையும் கன்ட்ரோலரையுமே சார்ஜராகப் பயன்படுத்தினால் தனிப் பெட்டியே வேண்டாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. அமெரிக்காவின் ஏ.சி. புரொபல்ஷன் நிறுவனம் 1990களிலேயே தன் டிஸீரோ காரில் இதைச் செய்தது. ரெனோ தன் ஸோயி காரில் 43 கிலோவாட் வரை இப்படி ஏற்றியது. அதற்குப் பச்சோந்தி என்றே பெயர் வைத்தார்கள், எந்த மின் இணைப்புக்கும் நிறம் மாற்றிக்கொள்ளும் என்பதால். வீட்டுப் பிளக்கில் குறைந்த மின்னோட்டத்தில் ஏற்றும்போது அந்தப் பச்சோந்தியின் செயல்திறன் வெகுவாக இறங்கிவிடும் என்பது அதன் உரிமையாளர்களிடம் பேர்போன குறை.

நம் 51 வோல்ட் வண்டிக்கு அது ஒத்துவராது. மோட்டார் சுருளை வைத்து எளிதாகச் செய்யக்கூடியது மின்னழுத்தத்தை ஏற்றுவது. 230 வோல்ட்டின் உச்சியே 325 வோல்ட். பேட்டரி அதற்கு மேல் இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். நமக்கோ ஆறில் ஒரு பங்காக இறக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தடை பாதுகாப்பு: 60 வோல்ட்டுக்குள் இருப்பதால்தான் இந்தப் பேட்டரியின் முனைகளை அஞ்சாமல் கையாள முடிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் பிரிக்காமல் சுவரோடு இணைத்த கணமே அது 230 வோல்ட் பேட்டரி ஆகிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, மார்ச் 9 அன்று நான் திட்டிய நூறு ஹெர்ட்ஸ் அலையை அப்படியே பேட்டரிக்குள் விட்டுவிடுவது. ஒரே கட்டத்தில் மாற்றும் சுற்று. இடையில் பெரிய மின்தேக்கி கிடையாது, ஒரு கட்டத்தின் இழப்பும் மிச்சம். அலையோடு ஏறும் மின்னோட்டத்தால் பேட்டரிக்குள் உருவாகும் வெப்பம் சீரான மின்னோட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்று கணக்கு சொல்கிறது. கேட்டதும் பயமாக இருக்கும். எண்களைப் போடுங்கள்: பேட்டரியின் உள்மின்தடை 30 மில்லியோம் என்றால் 18 ஆம்பியரில் சீராக ஏற்றும்போது 10 வாட், அலையோடு ஏற்றும்போது 15 வாட். அதே பேட்டரியை நீங்கள் 60 ஆம்பியரில் ஓட்டும்போது 108 வாட் சூடாகிறது, அப்போது யாரும் பதறுவதில்லை. பேட்டரி மேலாண்மைப் பலகை அந்த அலையின் உச்சியைப் பார்த்து, மின்னோட்டம் மிகுந்துவிட்டதாக எண்ணிச் சார்ஜை வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சி சராசரியைப்போல் இரு மடங்கு.

ஏப்ரல் 21

நேற்றைய குறிப்பில் மின்தேக்கியை விரட்டும் ஆர்வம் மறுபடியும் தெரிகிறது என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். 78 கிராம் என்று நிறுத்த பிறகும் ஏன் இந்தப் பகை என்கிறார். நியாயம். ஆயுளைச் சொல்லித்தான் பலரும் இந்த மின்பகு (எலக்ட்ரோலிடிக்) மின்தேக்கியை வெறுக்கிறார்கள். அதையும் கணக்கிட்டேன். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும் ஒன்று, 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இரு மடங்கு உழைக்கும். 95 டிகிரியில் வைத்து வாட்டினாலும் 10,000 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் சார்ஜ் என்றால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. 85-க்கு இறக்கினால் வண்டியின் மற்ற பாகங்கள் முந்திக்கொள்ளும்.

எடையோ ஆயுளோ அன்று, உயரம்தான் என் பகை. ஒரே பெரிய மின்தேக்கி 35 மில்லிமீட்டர் விட்டத்தோடு நின்றால் பெட்டியின் தடிமனை அதுவே தீர்மானித்துவிடும்; மற்றப் பொருள்களுக்கு மேலே காற்று நிரம்பிய இடம், அந்த இடத்தில் பாட்டிங். அதே மதிப்பை 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கைந்து மெல்லிய மின்தேக்கிகளாகப் பிரித்துப் படுக்க வைத்தால் பெட்டி தட்டையாகும். டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றுப்பலகையின் செம்புத் தடங்களையே சுருளாக்கித் தட்டையாகச் செய்துவிட்டால் 70 மில்லிமீட்டர் உயரம் 35-க்கு வரும். தம்பி, உங்கள் டேங்குக்கு அடியில் உட்காராதது நீளத்தாலா உயரத்தாலா என்று இதுவரை நீங்கள் சொல்லவில்லை.

மே 10, பிற்பகல் 2.10

கத்திரி வெயில். கொட்டகையில் வெப்பமானி 41 காட்டுகிறது. சோதனைக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது.

உள்ளீட்டைப் பற்றி ஒரு சொல். கடைச் சார்ஜர்களின் முகப்பில் 90 முதல் 264 வோல்ட் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 90 வோல்ட்டில் முழு ஆற்றலையும் எடுக்க வேண்டுமென்றால் 230-இல் ஓடுவதைப்போல் இரண்டரை மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். சோக், டயோடு, வடிகட்டி, கம்பி எல்லாம் அந்த அளவுக்குத் தடிக்கும். உலகம் முழுவதும் விற்பவருக்கு அது சரி. அமெரிக்க வீட்டில் 120 வோல்ட்தான். நம் ஊரில் 90 வோல்ட் வருகிறதென்றால் அன்றைக்கு நாம் கவலைப்பட வேண்டியது சார்ஜரைப் பற்றி அன்று. மாலை நேரத்தில் மோட்டார் பம்புகள் ஓடும் ஊர்களில் 170 வரை இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே மின்னோட்டத்துக்கு 5 ஆம்பியர் என்று ஒரு உச்சவரம்பு வைத்துவிட்டு, அழுத்தம் குறையும்போது ஆற்றலையும் குறைத்துக்கொள்ளும்படி எழுதினேன். 170 வோல்ட்டில் 850 வாட். சார்ஜ் ஏற அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும். அதற்கு ஈடாக உள்ளீட்டுப் பக்கம் முழுவதும் மெலிந்தது. மென்பொருளில் நான்கு வரி எழுதி எடை குறைத்தது இது ஒன்றுதான்.

மேல் எல்லையில் கஞ்சத்தனம் கூடாது. தெருவில் நியூட்ரல் அறுந்தால் ஒற்றைத் தறுவாய் வீட்டுக்குள்ளும் 400 வோல்ட் வரை நுழையும். அதைத் தாங்கி விலகி நிற்கும் ரிலே ஒன்று 20 கிராம். அதை எடுத்துவிட்டு எடை குறைந்தது என்று சொல்பவரிடம் சார்ஜர் வாங்காதீர்கள்.

மே 25, காலை 10.30

சார்ஜரை ஏன் சுமக்க வேண்டும், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று நண்பர் எழுதியிருக்கிறார். இதில் எனக்கு இரண்டு மனம்.

3 கிலோ சார்ஜர் வண்டியின் ஓட்டத்தைப் பாதிக்காது; ஓட்டுபவர் காலையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அதே 3 கிலோவுக்குப் பேட்டரி வைத்தால், கிலோவுக்கு 150 வாட்-மணி என்ற கணக்கில் 450 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவானால் 15 கிலோமீட்டர். எல்லா வண்டியையும் வீட்டிலேயே சார்ஜ் செய்கிறோம் என்றால் இந்த வாதத்தை மறுக்க முடியாது. ஆனால் தனிச் சார்ஜர் கொடுத்த வண்டிக்காரர்களைக் கவனித்திருக்கிறேன். பாதிப் பேர் அதை இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டுதான் ஊர் சுற்றுகிறார்கள். அதுவும் ஆன்போர்டுதான், திருகாணி போடாத, கேபிள் சுருண்ட, ஹெல்மெட்டுக்கு இடம் விடாத ஆன்போர்டு.

நிறுவனங்களும் ஒரே மனதாக இல்லை. 2024 டிசம்பரில் வந்த பஜாஜ் சேத்தக் 3501-இல் 950 வாட் சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஸீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எஸ்.ஆர்/எஃப் மோட்டார் சைக்கிளில் 3 கிலோவாட், உயர் வகையில் 6 கிலோவாட் வரை உள்ளே வைத்தது. அங்கே 240 வோல்ட் பொது நிலையங்கள் மாறுமின்சாரம் மட்டுமே கொடுப்பதால் வேறு வழியில்லை. 2015-இல் வந்த தைவானின் கோகோரோவோ பேட்டரியையே மாற்றிக்கொள்ள வைத்து, சார்ஜரை வண்டியிலிருந்து முழுவதுமாக வெளியேற்றியது. நம் நாட்டில் 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இலகு வாகனங்களுக்கென்று ஐ.எஸ் 17017-இல் மாறுமின்சாரம், நேர்மின்சாரம் இரண்டுக்கும் ஒரே கனெக்டரை ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட நேர்மின்சார நிலையம் தெருவுக்குத் தெரு வந்துவிட்டால் வண்டிக்குள் 500 வாட் சார்ஜர் போதும், ராத்திரிக்கு மட்டும். 15 ஆம்ப் பாயின்ட் இல்லாமல் டிவிக்குப் பின்னால் இருக்கும் 5 ஆம்ப் பிளக்கிலிருந்து கம்பி இழுக்கும் வீடுகளுக்கு அதுதான் பொருத்தமும்கூட. உங்கள் 3 கிலோவாட்-மணி பேட்டரிக்கு ஆறரை மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும். இழப்பு 31 வாட்டுக்குள் வந்தால் துடுப்பும் வேண்டாம். தம்பி, 1 கிலோவாட்தான் வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 7, மாலை 4.00

கேள்வி கேட்டவர் பதில் அனுப்பியிருக்கிறார்: உயரம்தான் இடித்ததாம், நீளத்துக்கு இடம் உண்டாம். 1 கிலோவாட் என்பது அவர்களுடைய திட்ட அறிக்கையில் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். அறிக்கை இயற்பியலைவிட வலியது, ஒப்புக்கொள்கிறேன்.

என் பக்கத்து நிலவரம். தட்டையான பெட்டி, 240 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம், 38 உயரம், 1.1 லிட்டர். பாலமில்லாத உள்ளீடு, மாஸ்ஃபெட் வெளியீடு, 65 கிலோஹெர்ட்ஸ், கிண்ணத்தில் மட்டும் பாட்டிங். உள்ளே 1,020 வாட் போய், 972 வாட் வெளியே வருகிறது, இழப்பு 48. எடை குட்டையான கேபிள்களோடு 1,390 கிராம். மார்ச் 8 அன்று சொன்ன பாதி வந்துவிட்டது, நான் அன்று நினைத்த வழியில் அன்று.

மார்ச் 23 கணக்கின்படி 48 வாட்டுக்கு இந்தப் பெட்டியின் பரப்பு பற்றாது, 0.17 சதுர மீட்டர் வேண்டிய இடத்தில் 0.085தான் இருக்கிறது. தனியாக மேசையில் வைத்து ஓட்டியபோது மேல்தோல் 84 டிகிரிக்குப் போய், தானாகவே ஆற்றலைக் குறைத்துக்கொண்டது. துடுப்பு போடுவதற்குப் பதிலாக, பெட்டியின் அடியை வண்டியின் சட்டத்தில் இருக்கும் தட்டையான இரும்புப் பட்டையில் பேட் வைத்து இறுக்கினேன். ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் இரும்புதானே, அதுவும் கொஞ்சம் வேலை செய்யட்டும். 38 டிகிரி வெளிவெப்பத்தில் இரண்டரை மணி நேரம் முழு ஆற்றலில் ஓடிய பிறகு 66.

ஜூன் 8, காலை 7.30

நேற்று விட்டுப்போனது: பட்டையின் மேல் இருந்த பவுடர் பூச்சைச் சுரண்டி, வெற்று இரும்பு தெரியும்வரை தேய்த்த பிறகுதான் 66 வந்தது, பூச்சோடு வைத்தபோது 71. தேய்த்த இடத்தில் துரு பிடிக்காமலிருக்க விளிம்பில் கிரீஸ் தடவியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்த பிறகு கழற்றிப் பார்த்து எழுதுகிறேன். சட்டத்தைச் சுரண்டினால் வாரன்டி நிற்குமா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.